சிப்ரியன் தாங்கே பாதிரியார்

அரசர்தம் பெயர் எளிதில் அழிவதில்லை. கல்லிலே வெட்டுவித்தும், செப்பேட்டிலே பொறிப்பித்தும், காசிலே அச்சிடுவித்தும் தம் பெயரை அவர் தாமே காத்துக்கொள்வர். ஆயின், காட்டை வெட்டிக் கழனியாக்கிய உழவனுக்கும், மரத்தை அறுத்து வீடமைத்த தச்சனுக்கும் கல் ஏது, செப்பேடு ஏது? அன்னோர் பெயரைப் பேரன் அறிவான். பேரனுடைய மகன் ஒருவாறு கேட்டிருப்பான். அதன்பின் அப்பெயர் மண்ணோடு மண்ணாய்விடும். இஃது உலகத்து இயற்கை. இவ்வியற்கையை எதிர்த்து நின்று, ஓர் இனத்து எளிய மக்கள் அனைவருடைய பெயர்களையும் மறதியினின்று மீட்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டார் ஒருவர். அவரே கனடா நாட்டுச் சிப்ரியன் தாங்கே பாதிரியார்.

அவரது தொண்டின் அருமையை உணர்தற்கு அந்நாட்டு வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். 1608-ஆம் ஆண்டில் சாம்பிளேன் என்னும் பிரெஞ்சுக்காரர் சேன் லோரன்சு ஆற்றங்கரையிலே குவிபெக்கு நகருக்கு அடிகோலினார். அக்கரைகளில் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தனர். அங்கே குடியேறி நிலைத்த பிரெஞ்சுக்காரர் மிகச் சிலரே. 1666-இல் தலோன் என்னும் அதிகாரி வீடுவீடாக எண்ணியபொழுது 3,215 பேரே இருந்தனர். ஒன்றரை நூற்றாண்டில் அங்கு வந்து தங்கி வேரூன்றியோர் ஏறத்தாழப் பதினாயிரவர் எனலாம். ஆயினும் அவர்தம் மக்கள் பெருகி, 1763-ஆம் ஆண்டளவில் எழுபதினாயிரவர் ஆயினர். அவ்வாண்டுப் பாரிசு உடன்படிக்கையால் நம் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்க்குத் திரும்பக் கிடைத்தது. கனடாவோ ஆங்கிலேயர் கைப்பட்டது. அதன்பின் பிரான்சிலிருந்து குடியேறுவோர் வருகை நின்றது. தாய்நாட்டின் துணையற்ற அச்சிறு கூட்டத்தார், தம் மொழியையும் மதத்தையும் குடும்பத்தையுமே பற்றுக்கோடாகக் கொண்டு வாழலாயினர்.

1837, 1838 ஆகிய ஆண்டுகளில் அங்குக் கலகங்கள் எழுந்தன. அவற்றின் காரணத்தை ஆராய அனுப்பப்பெற்ற டர்ஹம் பிரபு 1839-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். கனடியப் பிரெஞ்சு மக்கள் வரலாறும் இலக்கியமும் அற்றவர் என்றும், அவர் ஆங்கிலேயரோடு கலந்து மறைந்துபோதலே அவர்க்கு நன்மை என்றும் அவ்வறிக்கையிற் கண்டிருந்தது. இச்சொல் அம்மக்கள் நெஞ்சில் வேலெனப் பாய்ந்தது. கார்னோ என்னும் அறிஞர் அதற்கு விடையாகக் கனடாவின் சரித்திரத்தை எழுதி, அதன் முதற்பகுதியை 1845-இல் வெளியிட்டார். அவ்வறிக்கை வெளிவந்த காலத்தில் தாங்கேயோ 19 வயது நிரம்பிய இளைஞர். அவரும் பிற்காலத்தே ஒரு விடை தந்தார். கார்னோ தலைவரையும் போரையும் பற்றி எழுதினார். தாங்கே குடிமக்களின் பெயரை எழுதினார்.

தாங்கே 1819-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் குவிபெக்கு நகரிற் பிறந்தார். அந்நகரிலேயே கல்வி பயின்று, 1843 மே 14-இல் குருப்பட்டம் பெற்றார். பின்னர் இருபதாண்டுகளுக்கு மேலாகச் சிற்றூர்களிலே குருப்பணி ஆற்றினார். 1850 முதல் 1859 வரையில் ரிமூஸ்கி என்னும் ஊரின் பங்குக் குருவாக இருந்தார். அவ்வூரின் பெரிய கற்கோயில் 1854-இல் அவர் காலத்திலேயே கட்டத் தொடங்கப்பெற்றது. ஆயினும் கல்லால் எழுந்த கோயிலினும் காகிதத்தால் எழுந்த கோயிலே அவர் பெயரைப் பெரிதும் நிலைநிறுத்திற்று.

ஊர்க்குருவின் அலுவல்களுள் ஒன்று பதிவேடு எழுதுதல். குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆயினும், விவாகம் ஆயினும், இறந்தோர் அடக்கம் ஆயினும், நாளும் பெயரும் பெற்றோர் பெயரும் சாட்சிகளும் குறித்தல் அவர் கடமை. அன்றியும், நான்காந் தலைமுறைக்கு உட்பட்ட உறவினர் தம்முள் மணத்தலைத் திருச்சபை அக்காலத்தில் விலக்கியிருந்தது. ஆதலின் மணமக்கள் இருவரும் எவ்வழி வந்தவர் என்பதை ஆராய்தலும் குருவுக்கு உரியதாயிற்று. சில குடும்பங்களே பெருகிப் பரவிய நாட்டில் இவ்வாராய்ச்சி எளிதன்று. பாட்டனின் பாட்டன் பெயரைத் தேடிப் பழுத்த ஏடுகளைப் புரட்டுவோர்க்கு, அவ்வேடுகள் வெறுங் கணக்கல்ல, ஓர் இனத்தின் உயிர்வரலாறு என்பது தானே புலப்படும்.

அப்பதிவேடுகளின் வரலாறும் வியப்புடையது. 1640 ஜூன் மாதத்தில் குவிபெக்குக் கோயிலில் தீப்பற்றிற்று. கோயிலோடு பதிவேடுகளும் வெந்து சாம்பராயின. குருமார் என் செய்தனர்? ஊராரைக் கேட்டு, அவரவர் நினைவிலிருந்ததைக் கொண்டு, இருபதாண்டுப் பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் மீண்டும் எழுதினர். ஒருசில குடும்பங்களே இருந்தமையால் அஃது இயன்றது. 1667-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரச சட்டம், பதிவேட்டை இரு படியாக எழுதி ஒன்றைக் கோயிலிலும் மற்றொன்றை நியாயஸ்தலத்திலும் வைக்க வேண்டுமென விதித்தது. ஒன்றைத் தீயோ வெள்ளமோ கொண்டால் மற்றொன்று நிற்கும். இவ்விதியால் அந்நாட்டுக் குடிமக்கள் அடைந்த நன்மை கொஞ்சமன்று.

ஏடுகள் இருந்தன, ஆயின் அவை நூற்றுக்கணக்கான ஊர்களிலே சிதறிக் கிடந்தன. அவற்றை ஒருங்கு சேர்ப்பார் இலர். அதற்குரிய காலம் 1865-இல் வாய்த்தது. ரிமூஸ்கியில் முன்னர் மருத்துவராயும் சட்டசபைப் பிரதிநிதியாயும் விளங்கிய தாஷே என்பவர் அப்பொழுது அரசாங்க விவசாய இலாகாவின் உயர் அலுவலராக இருந்தார். குடிக்கணக்கு எடுக்கும் பொறுப்பும் அவ்விலாகாவினதே. தாங்கேயின் ஆற்றலை அறிந்த அவர், பங்குக் குருவாயிருந்த அவரைப் புள்ளிவிவரப் பகுதிக்கு அழைத்துக்கொண்டார். அதன்பின் ஒட்டாவா நகரம் தாங்கேயின் இருப்பிடமாயிற்று.

அதுமுதல் அவர் செய்த வேலையை எண்ணின் மலைப்புண்டாகும். தட்டெழுத்துப் பொறி பரவாத காலம். கணிப்பொறி கனவிலும் இல்லை. ஒவ்வோர் ஏட்டையும் கண்ணாற் படித்துக் கையால் எழுதுதலன்றி வேறு வழியில்லை. மையோ மங்கியது; எழுத்தோ பலர் கைப்பட்டது; ஏட்டின் ஓரங்களைச் செல்லும் ஈரமும் தின்றிருந்தன. ஊர்ப் பதிவேடுகளோடு, பத்திரம் எழுதுவோர் விட்டுச்சென்ற மண ஒப்பந்தங்களையும் பழைய குடிக்கணக்குகளையும் அவர் ஒப்பு நோக்கினார். பிரான்சு நாட்டுக்கும் சென்று ஆவணங்களைத் தேடினார். இவ்வுழைப்பின் முதற்கனியாகக் கனடாவிற் பணிபுரிந்த குருமார் வரிசையை ஒரு நூலாக 1868-இல் வெளியிட்டார். பின்னர் 1871-இல் அவரது பெருநூலாகிய கனடியக் குடும்பங்களின் வமிசாவளி அகராதியின் முதல் தொகுதி வெளிப்போந்தது.

இத்தொகுதி 1608 முதல் 1700 வரையுள்ள குடும்பங்களைக் கூறுவது. குடும்பப் பெயர்கள் அகரவரிசையில் நிற்கும். ஒவ்வொரு பெயரின் கீழும் கணவன் பெயர், அவன் பெற்றோர், அவன் பிரான்சில் விட்டுவந்த ஊர், மணநாள், மனைவி பெயர், அவள் பெற்றோர், பிள்ளைகள் ஒவ்வொருவரும் பிறந்த நாள், மணந்த நாள், இறந்த நாள் என இவை ஒழுங்குபெற அமைந்திருக்கும். பிரபுவுக்கென்று பெரிய எழுத்தும் கூலியாளுக்கென்று சிறிய எழுத்தும் அங்கில்லை. ஆளுநர் குடும்பமும் ஆடு மேய்ப்போன் குடும்பமும் அகரவரிசை ஒன்றற்கே அடங்கி அடுத்தடுத்து நிற்கும்.

அவருக்கு நேர்ந்த பேரிடர் யாதெனில், பெயர்களின் குழப்பமே. 1665-இல் காரிஞான் சாலியேர் என்னும் படையைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர் கனடாவில் வந்திறங்கினர். அவருள் நானூற்றுவரளவினர் அங்கேயே தங்கிக் குடும்பிகளாயினர். பிரெஞ்சுப் படைவீரர்க்குப் படைப்பெயர் ஒன்று வழங்குவது உண்டு. ஒருவன் லாப்ளேர், அதாவது பூ; மற்றொருவன் சான்சூசி, அதாவது கவலையற்றவன்; வேறொருவன் த்ராஞ்சுமோந்தாஞ், மலையைப் பிளப்பவன்; இன்னொருவன் லெஸ்பெரான்சு, நம்பிக்கை. இப்பெயரைக் குடும்பப் பெயரோடு 'தி' என்னும் சொல்லாற் சேர்த்தெழுதுவர். 'எனப்படுவோன்' என்பது அதன் பொருள். படைவீரர் அல்லாதாரும் இவ்வாறே பிறந்த ஊரையோ, செய்தொழிலையோ, பெற்ற நிலத்தையோ கொண்டு இரண்டாம் பெயர் பூண்டனர்.

இதனால் விளைந்தது என்னை? தந்தை இரு பெயரும் உடையவன். மூத்த மகன் முதற்பெயரைக் கொண்டான். இளையவன் இரண்டாம் பெயரைக் கொண்டான். பேரர் காலத்தில் ஒருவரையொருவர் உறவினரென்றே அறியாராயினர். உதோன் எனவும் போலியூ எனவும் இன்று வழங்கும் குடும்பங்கள் பல, பியேர் உதோன் தி போலியூ என்னும் ஒருவனிடத்தே சென்று சேர்வன. ஒரு பூப்பெயர் கொண்டவரோ பலப்பல வீரர் வழியினர். பெயர் ஒன்றாயினும் குருதி வேறு. கனடாவின் தாங்கே குடும்பத்தார்க்கும் அத்தகைய இரண்டாம் பெயர் இருந்தது. பிரித்தானி நாட்டிலிருந்து வந்த ழான் தாங்கே என்பவருக்கு லாநவெத்து என்பது மறுபெயர். நெசவிலே நூலை இழுத்தோடும் நாடா என்பது அச்சொற்குப் பொருள். பொருந்திய பெயரே! ஏடு ஏடாக ஓடி அறுந்த இழைகளை இணைத்துக் குலமென்னும் ஆடையை நெய்தவர் அக்குடும்பப் பெயரினர் அல்லரோ? இப்பெயர்க் குழப்பத்தால் பின்வருவோர் இடர்ப்படாவண்ணம், இரட்டைப் பெயர்களின் பட்டியலொன்றையும் ஏழாந் தொகுதியின் இறுதியில் அவர் சேர்த்து வைத்தார்.

பெண்களைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். 1663 முதல் 1673 வரையில் ஏறத்தாழ 770 மகளிரைப் பிரெஞ்சு மன்னர் தம் செலவில் கனடாவுக்கு அனுப்பினார். அவருட் பலர் தந்தையை இழந்தவர். பலர் பாரிசு நகரத்து அனாதை விடுதியில் வளர்ந்தவர். கொண்டுவந்த பொருள் ஒரு சிறு பெட்டியளவே. அவர் வந்த சில திங்களில் மணம் புரிந்து, உறைபனிக் காட்டிலே இல்லறம் நடத்தினர். இன்றைய கனடியப் பிரெஞ்சு மக்களுள் இவர் வழி வாராதார் அரியர். பிரெஞ்சு வழக்கப்படி மணமான பெண்ணையும் அவள் பிறந்த குடும்பப் பெயராலேயே பதிவேடு குறிக்கும்; கணவன் பெயரில் அவள் பெயர் மூழ்குவதில்லை. இவ்வழக்கே தாங்கேக்குப் பெருந்துணையாயிற்று. ஏனைய நாடுகளிற் பாட்டியர் பெயர் மறைந்தொழிய, இந்நூலில் அவை தந்தையர் பெயரோடு ஒப்ப நிற்கின்றன.

பெயரே குலமன்று என்பதையும் இந்நூல் கற்பிக்கின்றது. 1617-இல் மனைவி மரீ ரொலேயோடும் மூன்று மக்களோடும் குவிபெக்கில் வந்து குடியேறிய லூயி எபேர் என்னும் மருந்து வணிகர், அந்நாட்டின் முதற் குடியானவராகப் போற்றப்படுபவர். 1627 ஜனவரியில் அவர் இறந்தார். அவருடைய ஆண்வழி பேரனார் காலத்தோடு நலிந்து அற்றுப்போயிற்று. இன்று எபேர் என்னும் பெயருடையார் மிகப் பலர்; அவர் பெரும்பாலும் அக்கேடியா நாட்டில் குடியேறிய வேறு எபேர்களின் வழியினர். எனின் லூயி எபேரின் குருதி அழிந்ததோ? அன்று. அவர் மகள் கீயமெத்து 1621-இல் கூயார் என்பவரை மணந்து பத்து மக்களைப் பெற்றாள். அவ்வழி இன்றும் தழைத்து நிற்கின்றது. பெயரையே நோக்குவார்க்கு அக்குடி மாய்ந்தது. ஏட்டை நோக்குவார்க்கு அது வாழ்கின்றது.

இன்னும் ஒருவர் சக்கரி க்ளூத்தியே. 1634-இல் வந்த இத்தச்சர்க்குத் தம் பெயர் எழுதத் தெரியாது. கையெழுத்திட வேண்டியவிடத்துத் தம் தொழிற்கருவியாகிய கோடரியின் உருவை வரைந்தார். எழுத்தறியாத அக்கோடரிக்காரர்க்கு 1800-ஆம் ஆண்டளவில் பதினாயிரவர்க்கு மேற்பட்ட சந்ததியார் இருந்தனரெனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். ஆபிரகாம் மார்த்தேன் என்னும் கப்பலோட்டியோ குவிபெக்கின் மேட்டிலே சிறிது நிலம் பெற்றிருந்தார். 1759-இல் கனடாவின் விதியைத் தீர்த்த போர் நிகழ்ந்த இடம் இன்றும் ஆபிரகாம் வெளி என அவர் பெயராலேயே வழங்குகின்றது. அங்கே பொருத இரு சேனாதிபதியர் பெயரையும் அவ்வெளி பெறவில்லை.

முதல் தொகுதி வெளிவந்தபின் அடுத்த தொகுதிக்குப் பதினைந்து ஆண்டு ஆயிற்று. அதற்குள் தாங்கே முதியவராய்விட்டார். ஆயினும் சோர்ந்திலர். 1886 முதல் 1890 வரையில் எஞ்சிய ஆறு தொகுதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன; ஏழாவது முடிந்தபொழுது அவர்க்கு வயது எழுபது கடந்திருந்தது. 1886-இலேயே, பதிவேடுகளிற் கண்ட அரிய செய்திகளைத் தொகுத்து வேறொரு நூலும் வெளியிட்டார். 1882-இற் கனடா இராயல் சங்கம் நிறுவப்பெற்றபோது அதன் முதல் உறுப்பினருள் ஒருவராயினார். திருச்சபையும் அவர்க்கு மேன்மைப் பட்டம் அளித்தது. 1902 ஏப்ரல் 28-இல், தம் 82-ஆம் வயதில், ஒட்டாவாவில் இறைவனடி சேர்ந்தார். பல்லாயிரவர் இறந்தநாளைத் தேடி எழுதிய அவர்தம் பெயரின் எதிரேயும் அந்நாள் எழுதப்பட்டது.

அவர் நூல் குற்றமற்றதோ எனின், அன்று. தனியொருவர் இலக்கக்கணக்கான நாள்களையும் பெயர்களையும் எழுதுமிடத்துப் பிழை நேராதிருத்தல் அரிது. சில மணங்கள் விடுபட்டன. சில பெயர்கள் மாறுபடப் படிக்கப்பட்டன. ஒருவர் இருவராயும் இருவர் ஒருவராயும் ஆயினர். அக்கேடியா மக்கள் 1755-இல் நாடு கடத்தப்பட்ட காலத்தில் அவர்தம் ஏடுகள் பல அழிந்தமையால், அவர் குலவரலாறும் இடையிடையே அறுந்துள்ளது. லெபேப் என்பவர் 1957-க்கும் 1964-க்கும் இடையே திருத்தமும் சேர்க்கையும் வெளியிட்டார். 1966-இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் பழைய பதிவேடுகள் அனைத்தையும் கணிப்பொறியில் ஏற்றும் பணியைத் தொடங்கினர். 1983-இல் ழெத்தே என்பவர் 1730 வரையுள்ள குடும்பங்களைப் புதிதாக ஆராய்ந்து அகராதி செய்தார். இவரனைவரும் தாங்கே இட்ட அடிப்படையின் மேலேயே நின்றனர். திருத்துவதற்கும் முதலில் ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ?

பிழையினும் பெரிய குறையொன்று ஏடுகளிலேயே உண்டு. அந்நாட்டில் அடிமைகளும் இருந்தனர். த்ரூதெல் என்னும் வரலாற்றாசிரியர் ஏறத்தாழ 4,200 அடிமைகளை ஆவணங்களிலிருந்து கண்டெடுத்தார். அவருட் பெரும்பாலார் பழங்குடி மக்கள், ஏனையோர் ஆப்பிரிக்க இனத்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர்க்கு ஒரு திருப்பெயர் மட்டும் உண்டு. தந்தை பெயரில்லை, தாய் பெயரில்லை, குடும்பப் பெயருமில்லை. உடையவன் பெயரே அவர்க்கு அடையாளம். தச்சன் மகன் தன் முன்னோரைப் பத்துத் தலைமுறை எண்ணிச் செல்லலாம். அடிமையின் மகனோ முதற்படியிலேயே நின்றுவிடுகின்றான். எழுதப்படாத பெயரை எத்துணை உழைப்பாலும் மீட்கவியலாது. ஒரு மனிதனுக்குச் செய்யும் கொடுமைகளுள் அவன் பெயரை எழுதாது விடுதலும் ஒன்று என்பது இதனால் விளங்கும்.

மத்தேயுவின் சுவிசேஷத்தைத் திறப்போர், முதலில் நிற்கும் பெயர் வரிசையை விரைந்து கடந்து அப்பாற் செல்வது வழக்கம். அவ்வரிசையிலே அரசரும் உளர்; தச்சனும் உளன்; தாமாரும் ராகாபும் ரூத்தும் ஆகிய மகளிரும் உளர். பெயர்களின் வரிசை வறண்டதொன்றன்று என்பதைத் தாங்கேயின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது. வரலாறில்லாதவர் என இகழப்பட்ட ஒரு மக்களுக்கு அவர் வாதமாட விரும்பவில்லை; சினந்து பேசவுமில்லை. அவர் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி அவர் கையிலே கொடுத்தார். அந்நூலைக் கண்டபின் அம்மக்களை வரலாறில்லாதவர் எனக் கூறுவார் எவர்?

புகழ் தரும் தொண்டு பல உண்டு. அமைதியாய் அமர்ந்து ஏட்டைப் புரட்டும் தொண்டு அவற்றுட் கடையானதாக இளைஞர்க்குத் தோன்றலாம். ஆயினும் போர்வீரன் பெயரையும், அவனைப் பெற்ற தாயின் பெயரையும், அவன் வீட்டைக் கட்டிய தச்சன் பெயரையும் காப்பது அத்தொண்டே. தம் முன்னோரைப் பற்றி முதியோர் கூறுவதைக் கேட்டு இன்றே எழுதிவைப்போர், தாங்கே பாதிரியார் வழியில் ஓரடி எடுத்து வைத்தவராவர்.